குதிக்க வைக்கலாம், திரும்ப உட்கார வைப்பதுதான் வேலை

ஒருவன் ஒன்னுக்குப் போக விரலை நீட்டினால் அடுத்த நிமிடமே நாலு விரல் நீளும். தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இது தெரியும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எப்படி முட்டும்? முட்டாது. உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துவிட்டது, எழுந்து நடக்க ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். பென்சில் சீவ ஒரு கூட்டம் குப்பைக்கூடையைச் சுற்றி நிற்பதும், பாயில் இருந்து கோரையைப் பிய்ப்பதும், முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் ரிப்பனை இழுப்பதும் இதே வகைதான். குறும்பு என்று சொல்லி அதட்டலாம். அதட்டினால் ஐந்து நிமிடம் அடங்கும். அப்புறம் மறுபடியும் எல்லோருக்கும் பென்சில் முனை உடையும்.

நான் பல்லடம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஈராசிரியர் பள்ளி. 1, 2, 3 வகுப்புகள் என் அறையில், 4, 5 தலைமையாசிரியரிடம். ஊரைச் சுற்றி விசைத்தறிக் கூடங்களும் நூற்பாலைகளும். பிள்ளைகளின் அப்பா அம்மாவில் பலர் ஷிப்ட் வேலைக்காரர்கள். தறி ஓடுகிற சத்தத்திலேயே படுத்து, அரைத் தூக்கத்தில் எழுந்து வருகிற பிள்ளைகள் உண்டு. காலை உணவுத் திட்டம் வந்தபின் வெறும் வயிற்றோடு யாரும் வகுப்பில் உட்காருவதில்லை. அந்த வகையில் காலை நேரம் பெரிதும் மாறிவிட்டது. ஆனால் வயிறு நிறைந்த பிள்ளை ஓரிடத்தில் உட்காரும் என்று யாரும் சொல்லவில்லையே.

எங்களைப் போன்ற சிறு பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும்படி உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முன்பெல்லாம் இதைத் தெருவிலேயே சம்பாதித்துக்கொண்டார்கள். இப்போது சாயங்காலம் கையில் போன். எனவே பாடவேளைக்கு நடுவே இரண்டு, மூன்று நிமிடம் எழுந்து உடம்பை அசைப்பதும், சில சமயம் சும்மா இருந்து மூச்சைக் கவனிப்பதும் என் வகுப்பின் வழக்கம். நாள் ஒன்றுக்கு நான்கு தடவை வரும். இதை ஆரம்பிக்க நினைக்கிற ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்று என் வகுப்பில் நடப்பதை எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. ‘சிலபஸ் முடிக்கவே நேரம் இல்லை, இதில் இது வேறா?’ என்பதுதான் எங்கே பேசினாலும் வரும் முதல் கேள்வி. கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல் என்று சொல்கிறது. அதாவது நாளுக்கு 4 மணி நேரம், 240 நிமிடம். மூன்று நிமிடமாக நான்கு முறை எடுத்தால் 12 நிமிடம், இருபதில் ஒரு பங்கு. ‘டேய் உட்காரு’, ‘அங்க என்ன சத்தம்’, ‘பென்சிலை வாயில இருந்து எடு’ என்று நாம் ஒரு நாளில் செலவழிக்கிற நேரத்தை யாராவது கடிகாரம் வைத்துப் பார்த்தால் இந்த 12 நிமிடம் பெரிதாகத் தெரியாது.

குதிக்க வைப்பதற்குப் பயிற்சி எதுவும் வேண்டாம். ‘எழுந்திருங்க, குதிங்க’ என்றால் போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான். மூன்று நிமிடம் குதித்த பிள்ளைகளைப் பாடத்துக்குக் கொண்டுவர ஏழு நிமிடம் ஆனால் அந்த வழக்கம் இரண்டு வாரத்தில் செத்துப்போகும், ஆசிரியரே கைவிட்டுவிடுவார். பல பள்ளிகளில் இப்படித்தான் நின்றுபோகிறது. அதனால் ஓர் இடைவேளை நன்றாக இருந்ததா என்பதை அந்த மூன்று நிமிடத்தில் பிள்ளைகள் எவ்வளவு சிரித்தார்கள் என்று பார்த்து நான் முடிவு செய்வதில்லை. அடுத்த ஐந்து நிமிடம் எப்படிப் போகிறது என்று பார்க்கிறேன்.

இதற்கு நான் கண்ட பெரிய வழி, குதிப்பதற்கு முன்பே அடுத்த வேலையைப் பலகையில் எழுதிவைத்துவிடுவது. கணக்கோ, படமோ, விடுபட்ட எழுத்தோ, எதுவாக இருந்தாலும் சரி. உட்கார்ந்த நொடியில் கண் எங்கே போக வேண்டும் என்பது தயாராக இருக்க வேண்டும். உட்கார வைத்துவிட்டு நாம் திரும்பிச் சாக்பீஸ் தேடினால் அந்த அரை நிமிடத்தில் வகுப்பு கலைந்துவிடும். புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று சொல்வதைக்கூட எழுவதற்கு முன்பே சொல்லி, பக்கத்தைத் திறந்து குப்புற வைக்கச் சொல்லிவிடுவேன்.

அடுத்தது இறங்குவரிசை. வேகமாக ஆரம்பித்து மெதுவாக முடிக்க வேண்டும். பத்துக் குதி, பிறகு நின்ற இடத்தில் யானை நடை, பிறகு கையை உயர்த்தி எட்டாத உயரத்தில் தேங்காய் பறிப்பது, பிறகு கை தானாக விழுவது, பிறகு உட்காருவது. என் குரலும் அதே மாதிரி இறங்கும். பத்துக் குதியைச் சத்தமாக எண்ணுவேன். தேங்காய் பறிக்கும்போது சாதாரணக் குரல். உட்காரச் சொல்லும்போது ரகசியம் பேசுவது போல. குரல் குறையக் குறைய அவர்களும் குறைகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். மெதுவாகத் தொடங்கிக் குதியில் முடித்தால் அந்தக் குதி உட்கார்ந்த பிறகும் நிற்காது.

இடம் இன்னொரு விஷயம். எங்கள் அறையில் மேசை பெஞ்சு இல்லை, தரைதான். பைகளைச் சுவரோரம் வைத்துவிட்டு, சாக்பீஸால் தரையில் ஆளுக்கு ஒரு வட்டம் போட்டுவைத்தேன். அழிய அழியப் பிள்ளைகளே மறுபடி வரைந்துகொள்கிறார்கள். ‘உன் வட்டத்துக்குள்ள என்ன வேணா பண்ணு, வெளிய கால் வரக்கூடாது’ என்பது ஒரே விதி. இடிபடுவது, ‘டீச்சர் இவன் மிதிச்சுட்டான்’ எல்லாம் இதனால் குறைந்தது. மேசை பெஞ்சு உள்ள வகுப்பென்றால் குதிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். எழுந்து நின்று கை, தோள், இடுப்பு மட்டும் போதும். மழை நாளில் தரை ஈரமாக இருந்தால் குதியே வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வகுப்பில் இருப்பதால் வழுக்கல் குறைவுதான், இருந்தாலும் மொசைக் தரையை நம்பக்கூடாது.

சத்தம்! ஒரு சுவர் தள்ளி இன்னொரு வகுப்பு நடக்கிறது என்பதை மறந்தால் சொந்தப் பள்ளியிலேயே எதிரிகள் உண்டாகிவிடுவார்கள். ‘டீச்சர், உங்க பசங்க குதிக்கறதுல என்ற ரூம்ல பலகையே ஆடுதுங்க’ என்று தலைமையாசிரியர் ஒரு நாள் வந்து சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னார். அதிலிருந்து ‘பூனைக் குதி’ வந்தது. முன்பாதத்தில் எம்பி, முன்பாதத்திலேயே இறங்க வேண்டும். சத்தம் கேட்டால் எலி ஓடிவிடும். தொம் தொம் என்று குதிப்பதைவிட இது கடினம், கெண்டைக்காலுக்கு நல்ல வேலை, பிள்ளைகளுக்கும் இதுவே அதிகம் பிடிக்கிறது.

எப்போது எடுப்பது என்று கேட்டால், மணி பார்த்து எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆழமாக எதையோ செய்துகொண்டிருக்கிற பிள்ளைகளை ‘மணி 10.30 ஆச்சு, எழுந்திரு’ என்று கலைப்பது அநியாயம். மண்ணில் படம் வரைகிற பிள்ளையைப் பிடித்து இழுப்பது போன்றது அது. விரல்கள் நீளத் தொடங்குவதற்குச் சற்று முன்பு எடுக்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் சில வாரங்களில் அந்தத் தருணம் பழகிவிடும். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் குழுவாக உட்கார வைக்கிறோம். ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம் இயல்பாகவே ஓர் இடைவெளி. அதை ஏன் வீணாக்க வேண்டும்? நண்டு நடையில் போ, ஒற்றைக் காலில் போ, கண்ணுக்குத் தெரியாத குடத்தைத் தலையில் சுமந்து போ. 2025-இல் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் ‘வாட்டர் பெல்’ வந்தபின் அதையும் சேர்த்துக்கொண்டோம். பாட்டில் வைத்திருக்கிற அலமாரி வரை போய் வருவதே ஒரு நடை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உண்மையிலேயே ஒன்னுக்கு வருகிற பிள்ளையை ‘இப்பதானே குதிச்சோம்’ என்று மறுக்கக்கூடாது. இந்த இடைவேளைகள் கழிப்பறைக்கு மாற்று ஆகாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குதி கூடாது. சோறும் முட்டையும் நெஞ்சில் நிற்கும்போது குதித்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை, துடைத்தவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் எல்லோருக்கும் தூக்கம் சொக்கும், எனக்கும்தான். நின்று கொண்டே நெட்டி முறிப்பது, கழுத்தை மெதுவாகத் திருப்புவது, காற்றில் பெரிதாக எழுத்து எழுதுவது ஆகியவை சரிப்படும். முழங்கையால் ‘ழ’ எழுதச் சொன்னால் தூக்கம் போய்விடும். பிறகு மூக்கால் எழுதச் சொல்லலாம். 1-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது வெறும் வேடிக்கை அல்ல. பென்சில் பிடிக்கிற விரலுக்கு முன்னால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் அந்தச் சுழியை உணர வேண்டும். எழுதத் தொடங்குமுன் விரல்களை விரித்து மடக்குவது, கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடுவது எல்லாமே எழுத்துக்கு உதவும்.

கணக்கிலும் சேர்க்கலாம். இரண்டிரண்டாகத் தாண்டுவது, ஐந்துக்கு ஒருமுறை கைதட்டுவது, 10-இலிருந்து பின்னோக்கி எண்ணியபடி உட்காருவது. ஆனால் இங்கே எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நான்கில் ஒன்றாவது எந்தப் பாடத்தோடும் சேராததாக இருக்க வேண்டும். எல்லாக் குதியிலும் பெருக்கல் வாய்ப்பாட்டை ஒட்டவைத்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘டீச்சர், சும்மா குதிக்கலாங்களா?’ என்று ஒரு பாப்பா கேட்டாள். ‘சும்மாவே குதி கண்ணு’ என்றேன்.

இதில் நான் எதிர்பார்க்காத பலன் ஒன்று உண்டு. நூற்பாலைக் குடியிருப்பில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களின் பிள்ளைகளும் எங்கள் பள்ளிக்குத்தான் வருகிறார்கள். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாமல் வந்து உட்காருகிற பிள்ளைக்குப் பாடவேளை முழுவதும் வெறும் சத்தம். ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் பல நாள் வாயே திறக்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். எழுந்து அசைகிற நேரத்தில் மட்டும் அவன் மற்றவர்களுக்குச் சமம். ‘நில்’, ‘உட்கார்’, ‘குனி’, ‘திரும்பு’, ‘மெதுவா’, ‘வேகமா’, ‘கை’, ‘முட்டி’, ‘தோள்’ என்று அவனுக்கு முதலில் ஒட்டிய தமிழ்ச் சொற்கள் எல்லாம் இங்கிருந்து வந்தவைதான். சொல்லைக் கேட்கும் அதே கணத்தில் உடம்பு அதைச் செய்கிறது, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. தப்பாகச் செய்தாலும் எல்லோரும் சிரிக்கிற நேரம் என்பதால் அது தனியாகத் தெரிவதில்லை.

அப்புறம் அவனையே முன்னால் நிற்க வைத்தேன். தலைவராக நிற்கிற பிள்ளை பேச வேண்டியதில்லை. செய்து காட்டினால் போதும், மற்றவர்கள் அப்படியே செய்ய வேண்டும். அவன் செய்து காட்டியவை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாத புதுப்புது அசைவுகள். எண்ணும்போது அவன் மொழியில் எண்ணச் சொன்னோம். ‘ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச’. இரண்டு நாளில் வகுப்பு முழுக்க ஒடியாவில் எண்ணிக் குதித்தது. இப்போதும் சில பிள்ளைகள் பாண்டி ஆடும்போது அப்படித்தான் எண்ணுகிறார்கள். மொழி தெரியாமல் வருகிற பிள்ளைகள் உள்ள வகுப்புகளில் வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இந்த முன்னால் நிற்கும் முறையை மட்டுமாவது செய்துபாருங்கள்.

இனி அமைதிப் பக்கம். இது குதியைவிடக் கடினம், இதில் பேசப்படும் மிகையும் அதிகம். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ தொடங்கியபோது, மனதைக் கவனிக்கும் பயிற்சி வகுப்புக்குள் வந்துவிட்டது என்று நாடெங்கும் பேசினார்கள். பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட வளரிளம் பிள்ளைகளிடம் செய்த பெரிய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. மனக்கவனப் பயிற்சி கொடுத்த பள்ளிகளுக்கும் வழக்கமான முறையில் நடந்த பள்ளிகளுக்கும் பிள்ளைகளின் மனநலத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்பதுதான் முடிவு. அந்தப் பிள்ளைகள் பெரியவர்கள், அது வாரக்கணக்கில் நடத்திய தனிப் பாடம். எங்கள் ஒரு நிமிடத்தோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் அந்த முடிவைப் படித்த பிறகு எனக்கு ஒரு நிம்மதி. பிள்ளையின் மனக்கவலையை எல்லாம் மூச்சுப் பயிற்சி தீர்க்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு நிமிடம் வகுப்பு அமரிக்கையாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். அசைவுப் பக்கத்தில் ஆதாரம் இதைவிடத் தெளிவு. அமெரிக்காவின் வட கரோலினாவில் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் 10 நிமிட அசைவு வேளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வந்தது. அசைவுக்குப் பிறகு பிள்ளைகள் பாடத்தில் ஊன்றி இருக்கும் நேரம் கூடியது என்று அதில் கண்டார்கள். அந்த முடிவை நம்ப எனக்கு ஆய்வுகூடத் தேவைப்படவில்லை, என் வகுப்பே காட்டுகிறது.

பயிற்சிக் கூட்டங்களில் இன்னொன்று சொல்வார்கள். வலது கையால் இடது முட்டியைத் தொட்டால் மூளையின் இரண்டு பக்கமும் இணையும், படிப்பு ஏறும் என்று. மூளையின் இரண்டு பாதியும் எப்போதும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன, யாரும் இணைத்துவிட வேண்டியதில்லை. அந்த அசைவு நல்ல அசைவுதான், நாங்களும் செய்கிறோம், இடுப்பு நன்றாகத் திரும்புகிறது. அதற்கு மேல் அதன் தலையில் எதையும் ஏற்ற வேண்டாம்.

‘கண்ணை மூடு’ என்று தொடங்குவதை நான் தவிர்க்கிறேன். 6 வயதுப் பிள்ளை கண்ணை மூடினால் அரைக்கண்ணால் பக்கத்தில் இருப்பவன் மூடியிருக்கிறானா என்று பார்க்கும், உடனே சிரிப்பு கிளம்பும். அது பரவாயில்லை. சில பிள்ளைகளுக்குக் கண்ணை மூடுவது பிடிப்பதே இல்லை. வீட்டில் என்ன நடக்கிறதோ. மூடியதும் உதடு பிதுங்கி அழுகை வந்த பிள்ளை உண்டு. கண்ணைத் திறந்தபடி தரையில் தன் வட்டத்தின் கோட்டைப் பார்த்தால் போதும் என்பது இப்போது எங்கள் விதி. அப்படி யாராவது கலங்கினால் எல்லோர் முன்னாலும் ‘என்ன ஆச்சு கண்ணு’ என்று கேட்கக்கூடாது. பிறகு தண்ணீர் குடிக்கிற நேரத்தில் தனியாகப் பக்கத்தில் நின்றால் அதுவே சொல்லும், அல்லது சொல்லாது. பெரிய விஷயமாகத் தெரிந்தால் அது மூச்சுப் பயிற்சியால் ஆகக்கூடியது அல்ல. தலைமையாசிரியரிடம் பேச வேண்டும், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

அமைதிக்கு எங்களிடம் இருக்கிற நல்ல கருவி பள்ளி மணி. மரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு. அதை ஒருமுறை ஓங்கித் தட்டிவிட்டால் ரீங்காரம் நெடுநேரம் நிற்கும். சத்தம் உங்களுக்கு முழுவதும் நின்றுவிட்டது என்று தோன்றும்போது கையைத் தூக்குங்கள், பேச வேண்டாம் என்பேன். கைகள் ஒவ்வொன்றாக எழும். காது கூர்மையான பிள்ளை கடைசியாகத் தூக்கும், அதில் அதற்கு ஒரு பெருமை. மணியடிக்க முடியாத நேரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டைத் தட்டினாலும் நடக்கும். இன்னொன்று, எத்தனை சத்தம் கேட்கிறது என்று விரல்விட்டு எண்ணுவது. எங்கள் ஊரில் இது சுலபமான விளையாட்டு. தறி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் எல்லோரும் ‘தறி’ என்று ஒரே விரலை மடக்கினார்கள். போகப்போக எந்தத் திசையில் எந்தத் தறிக் கூடம், எது நின்றது, எது ஓடுகிறது என்று பிரித்துச் சொல்கிறார்கள். ‘எங்கப்பா ஓட்டற தறி நின்னுருச்சுங்க டீச்சர், நூல் அந்துருக்கும்’ என்று ஒரு பையன் சொன்னான். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவ்வளவு உன்னிப்பாக அவன் எந்தப் பாடத்தையும் கேட்டதில்லை.

மூச்சுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கிச்சடி ஊதறது’. காலை உணவில் ரவா கிச்சடி வருகிற நாளில் பிள்ளைகள் தட்டை ஊதி ஊதிச் சாப்பிடுவதைப் பார்த்து வந்த யோசனை. உள்ளங்கையைத் தட்டாக ஏந்தி, மூக்கால் வாசனை பிடித்து, வாயால் நீளமாக, மெதுவாக ஊத வேண்டும். வேகமாக ஊதினால் கிச்சடி சிந்திவிடும். மூச்சு உள்ளே போகும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும், வெளியே விடும்போது மெதுவாகவும் துடிக்கும். அதனால் விடுகிற மூச்சு நீளமாக இருப்பதுதான் இதில் வேலை செய்கிறது. மூச்சை அடக்கிப் பிடிக்கச் சொல்வதே இல்லை. மூன்று நான்கு தடவைக்கு மேல் ஊதினால் சில பிள்ளைகளுக்குத் தலை கிறுகிறுக்கும், அத்தோடு நிறுத்திவிட வேண்டும். வீசிங் உள்ள பிள்ளைகளைக் குதியிலும் ஊதுவதிலும் கண்ணில் வைத்திருப்பது அவசியம். கும்பிடுவது, மந்திரம், ஓம் என்று எதையும் சேர்ப்பதில்லை. மூன்று மதப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருக்கிறார்கள், கிச்சடி எல்லோருக்கும் பொது.

தண்டனை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பள்ளியில் உடம்பை அசைத்ததே தண்டனைக்குத்தான். முட்டி போடு, பெஞ்சு மேல் ஏறு, மைதானத்தை மூன்று சுற்று ஓடு, தோப்புக்கரணம் போடு. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்பத்தையும் தடை செய்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆனால் பழக்கம் சட்டத்தைவிட வயதானது. தோப்புக்கரணம் மூளைக்கு நல்லது என்று இப்போது புதிதாகச் சொல்கிறார்கள். இருக்கலாம், நான் என் வகுப்பில் வைப்பதில்லை. பிள்ளைகளுக்கு அது வீட்டிலும் தெருவிலும் அவமானமாகவே தெரிந்திருக்கிறது. அதே போல, ‘நீ எழுதி முடிக்கல, அதனால நீ மட்டும் குதிக்காத’ என்பதும் கிடையாது. எழுதி முடிக்காமல் நெளிகிற பிள்ளைக்குத்தான் அந்த மூன்று நிமிடம் மற்ற யாரையும்விட அதிகம் தேவை.

சேர விருப்பம் இல்லாத பிள்ளையை வற்புறுத்துவதில்லை. ‘நீ எண்ணு’ என்று வேலை கொடுத்துவிடுவேன். கால் சரியாக இயங்காத பிள்ளை வகுப்பில் இருந்தால் அதற்கென்று தனி அசைவு வைத்து ஓரமாக உட்கார வைக்காதீர்கள். எல்லோருக்குமே கையையும் தோளையும் மையமாக வைத்த அசைவை முதலில் வையுங்கள், கால் வேலை கூடுதலாக வரட்டும். கேட்கும் திறன் குறைந்த பிள்ளைக்கு மணி கேட்காது. எனவே நான் மணியோடு கையையும் உயர்த்துகிறேன், விளக்கு சுவிட்சையும் ஒருமுறை போட்டு அணைக்கிறேன். வட்டார வள மையத்திலிருந்து வருகிற சிறப்புப் பயிற்றுநரிடம் கேட்டால் அந்தந்தப் பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாது என்று சொல்வார்கள். பாவாடை அணிந்த பெண் பிள்ளைகள் உள்ளே கால்சட்டை போட்டிருந்தாலும் தரையில் உருளுகிற, காலைத் தூக்குகிற அசைவுகளை நானே தவிர்த்துவிடுகிறேன்.

பெற்றோர் கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள். ‘ஏனுங்க டீச்சர், பையன் ஊட்டுக்கு வந்து பூனை மாதர நடந்து காட்டறான், பாடமெல்லாம் நடக்குதுங்களா?’ என்று ஓர் அம்மா வாசலில் நின்று கேட்டார். விளக்கம் சொல்வதைவிட உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பது மேல். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்த அன்று வந்திருந்த எல்லோரையும் தரையில் உட்கார வைத்துக் கொஞ்ச நேரம் பேசினேன். பாதியிலேயே ஒருவர் காலை நீட்டினார், ஒருவர் இடுப்பைப் பிடித்தார். ‘எழுந்து ஒரு நெட்டி முறிங்க’ என்றதும் எல்லோருக்கும் சிரிப்பு. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

இதனால் பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியதா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே சமயத்தில் காலை உணவு வந்தது, புதிய பயிற்சி நூல்கள் வந்தன, பிள்ளைகளும் மாறினார்கள். எதால் எது என்று யார் சொல்வது? விரல் நீட்டுகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள், என் தொண்டை முன்பு போலக் கட்டுவதில்லை என்பதைச் சொல்லலாம்.

தொடங்குவதாக இருந்தால் ஜூன் மாதம் பத்து வகை அசைவுகளோடு இறங்காதீர்கள். ஒரே ஓர் அசைவு, ஒரே ஒரு முடிவுச் சைகை. அந்தச் சைகைக்கு வகுப்பு தூக்கத்திலும் உட்காரும் அளவுக்குப் பழகிய பிறகு அடுத்ததைச் சேருங்கள். வாரக்கணக்கில் ஒன்றையே செய்தால் பிள்ளைகளுக்குச் சலிக்கும் என்று நாம்தான் நினைக்கிறோம். அவர்களுக்கு ஒரே கதையை நூறு தடவை கேட்டாலும் சலிப்பதில்லையே.

4, 5 வகுப்புகளுக்கு இதை அப்படியே கொண்டுபோக முடியாது. பூனைக் குதி என்றால் அந்த வயதில் வெட்கம் வந்துவிடும், கிச்சடி ஊதச் சொன்னால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுக்குச் சவால் வேண்டும். ஒற்றைக் காலில் நின்றபடி 7-ஆம் வாய்ப்பாட்டைச் சொல்வது, கை ஊன்றாமல் தரையிலிருந்து எழுவது, புத்தகத்தைத் தலையில் வைத்து அறையைச் சுற்றுவது. எங்கள் தலைமையாசிரியர் இப்போது மூன்றாவதை வைத்திருக்கிறார். அவருடைய விதிப்படி, புத்தகம் விழுந்தவர் அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அதனால் படிக்கப் பிடிக்கிற பிள்ளைகள் வேண்டுமென்றே விழ விடுகிறார்கள்.